நூல் அறுந்தால் கையைத் திட்டாதீர்கள்: பஞ்சு பன்னி, நூல் நூற்கப் பழகுவோருக்கு ஒரு பாடம்



போன கூடுகையில் என் தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க வாங்கினீங்க?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். "வாங்கல, என் மேட்டு நிலத்துல விளைஞ்சது" என்றேன். "நாங்களும் நூற்கப் பழகணும், எழுதுங்க" என்றார்கள். அதனால்தான் இந்தப் பாடம். நான் நூற்பு படித்தவன் இல்லை. உத்திரமேரூர் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டில் வேர்க்கடலையும் போடுகிறவன். தப்புத் தப்பாகச் செய்து பழகியதைத்தான் சொல்லப் போகிறேன். தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன், உங்களுக்கு நேரம் மிச்சமாகும்.

எப்படி ஆரம்பித்தது

மூன்று வருஷத்துக்கு முன் கோவில்பட்டிப் பக்கத்து உழவர் ஒருவர் எனக்கு இரண்டு கிலோ கருங்கண்ணி விதை கொடுத்தார். நம் நாட்டுப் பருத்தி. மானாவாரிக்கு ஏற்றது, பூச்சி வந்தாலும் தாங்கும். தண்ணீர் தேங்காத மேட்டில் 30 சென்ட்டில் புரட்டாசியில் ஊன்றினேன். மாசி, பங்குனியில் 90 கிலோ பருத்தி எடுத்தேன். மருந்துச் செலவு ஒரு பைசா இல்லை.

வியாபாரி வந்தார். ஒரு கொட்டையைப் பிரித்து இழையை இழுத்துப் பார்த்தார். "குட்டை இழைங்க. மில்லுக்கு ஆகாது. மெத்தைக்கு, தலையணைக்குத்தான் போகும்" என்று பாதி விலை கேட்டார். வீட்டில் அம்மணி, "என்னங்க, பேசாம அடுத்த வருஷம் கடலையே போட்டுடலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் விட்டுவிட்டால் அந்த விதை என் ஊரில் அதோடு முடிந்துவிடும். 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்த பிறகு நாட்டுப் பருத்தி எந்த வேகத்தில் காணாமல் போனது என்பது உங்களுக்கே தெரியும்.

குட்டை இழை என்றால் நூலே ஆகாதா? அப்படியானால் டாக்கா மஸ்லின் எதில் நெய்தார்கள்? அதுவும் கருங்கண்ணியின் இனத்தைச் சேர்ந்த நாட்டுப் பருத்திதான். மில்லின் வேகத்துக்குக் குட்டை இழை ஒத்துவராமல் இருக்கலாம், கைக்கு ஒத்துவரும். சரி, நூற்றே பார்த்துவிடுவோம் என்று ஒரு தக்ளி வாங்கினேன்.

ஒரு மாதம் மல்லுக்கட்டி ஒரு சிட்டம் நூல் சேர்த்தேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த பட்டு நெசவாளர் ஒருவர் இருக்கிறார், எழுபது வயது. அவரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு முழம் நூலை எடுத்து இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தார. நூல் அறுந்தால்கூடப் பரவாயில்லை. சத்தமே இல்லாமல் பஞ்சாக நழுவிப் பிரிந்தது.

"தம்பி, இது நூல் இல்ல, திரி. ஏகாம்பரநாதருக்கு விளக்கேத்துங்க, புண்ணியமாவது கிடைக்கும்" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்கு முகம் சுண்டிப் போச்சு. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "கையில ஒண்ணும் குத்தம் இல்ல தம்பி. பஞ்சு சரியில்ல. எப்படிப் பன்னுனீங்க?" என்று கேட்டார். நான் பன்னவே இல்லை. கொட்டை எடுத்த பஞ்சை அப்படியே கையில் பிடித்து நூற்றிருந்தேன். அந்த ஒரு கேள்வியில்தான் என் படிப்பு தொடங்கியது.

பட்டும் பஞ்சும்

காஞ்சிபுரத்தில் ஆயிரக்கணக்கான தறி ஓடினாலும் அங்கே நூற்பவர் இல்லை. பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை சூரத்திலிருந்து வருகிறது. பட்டை நூற்க வேண்டியதும் இல்லை. ஒரு பட்டுக்கூட்டில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு ஒரே இழையைப் புழுவே சுற்றி வைத்திருக்கும். கொதிநீரில் போட்டு நுனியைப் பிடித்து இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். பல இழைகளைச் சேர்த்து முறுக்கினால் போதும்.

பருத்தி அப்படி இல்லை. கருங்கண்ணி இழை ஒரு அங்குலம்கூட வராது. அந்தக் குட்டை இழைகளை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி நிற்கும்படி வரிசையாக்கி, முறுக்கு ஏற்றி, ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க வைப்பதுதான் நூற்பு. இழைகள் ஒழுங்காக நின்றால் முறுக்கு சமமாக ஏறும். கட்டி கட்டியாக இருந்தால் மெலிந்த இடத்துக்கு முறுக்கெல்லாம் ஓடிவிடும், தடித்த இடம் முறுக்கில்லாமல் நழுவும். என் முதல் சிட்டம் நழுவிப் பிரிந்தது இதனால்தான்.

கம்பளி பற்றியும் பலர் கேட்கிறார்கள், "நம்மகிட்ட ஆடு இருக்கே, அதுல நூற்கலாமே?" என்று. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துச் சென்னைச் சிவப்புச் செம்மறிக்கு உடம்பில் இருப்பது முடி, கம்பளி இல்லை. மேச்சேரி, கீழக்கரிசல் ஆடுகளும் அப்படித்தான். கம்பளி வேண்டுமென்றால் கோயம்புத்தூர் ஆடு, நீலகிரி ஆடு. குறும்பர் மக்கள் கம்பளி நூற்று நெய்கிறவர்கள். நம் பக்கத்தில் கையில் கிடைப்பது பருத்திதான். பன்னுவதும் நூற்பதும் இரண்டுக்கும் அடிப்படையில் ஒரே வேலை. கம்பளி இழை நீளம், அதனால் கொஞ்சம் சுலபம். பருத்தியில் பழகியவருக்குக் கம்பளி விளையாட்டு.

இனி வேலைக்கு வருவோம். கொட்டையோடு இருப்பதைப் பருத்தி என்றும், கொட்டை நீக்கியதைப் பஞ்சு என்றும் சொல்கிறேன்.

1. பருத்தி எடுப்பது

நூலின் பாதி வேலை நிலத்திலேயே முடிகிறது. நன்றாக வெடித்துத் தொங்கும் காயில் மட்டும் எடுங்கள். பாதி வெடித்ததைப் பிய்த்தால் முதிராத இழை வரும். அது நூலில் முடிச்சு முடிச்சாக நிற்கும். காலையில் பனி காய்ந்த பிறகு எடுங்கள். காய்ந்த இலைத் தூள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சருகு ஒட்டியபின் பொறுக்குவது செடியில் பார்த்து எடுப்பதைவிட நாலு மடங்கு வேலை.

முதல் எடுப்பும் கடைசி எடுப்பும் சுமார்தான். நடு எடுப்பைத் தனியாக ஒரு துணிப்பையில் போட்டு, 'நூற்க' என்று எழுதி வையுங்கள். விதைக்கும் அதுவே நல்லது.

2. கொட்டை நீக்குவது

பழைய வீடுகளில் இரண்டு மர உருளை வைத்துச் சுற்றும் மணை இருந்தது. இப்போது கிடைப்பது அரிது. பழகுவதற்கு ஒரு வழவழப்பான பலகையும், சுண்டுவிரல் கனத்தில் ஒரு அடி நீள இரும்புக் கம்பியும் போதும். கம்பி துருவில்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும்.

பருத்தியை ஒரு மணி நேரம் வெயிலில் காய வையுங்கள். ஒரு கொட்டையைப் பலகையில் வைத்து, கம்பியை அதன் பின்பக்கம் பஞ்சின்மேல் அழுத்தி, சப்பாத்தி தேய்ப்பதுபோல் முன்னே உருட்டுங்கள். கம்பி பஞ்சைத் தன் அடியில் பிடித்துக்கொள்ளும், கொட்டை முன்னால் தெறித்து வெளியே போகும். கொட்டைமேல் கம்பி ஏறி நசுக்கக் கூடாது. அரைமணி நேரத்தில் கை பழகிவிடும். எனக்கு மணிக்கு 100 கிராம் பருத்தி ஓடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை.

இந்தக் கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். நாம் பருத்தியாக விற்கும்போது விதையையும் சேர்த்தே விற்றுவிடுகிறோம். ஜின்னிங் ஆலையில் நாலு ஊர்ப் பருத்தி கலந்துவிடும், அங்கிருந்து விதை திரும்ப வந்தாலும் எந்த ரகம் என்று சொல்ல முடியாது. கையால் எடுத்தால் உங்கள் நிலத்து விதை உங்கள் வீட்டிலேயே இருக்கும். திரண்ட கொட்டையை விதைக்கு வையுங்கள், மீதியை ஊறவைத்து அரைத்து மாட்டுக்குக் கொடுங்கள். பருத்திப்பால் காய்ச்சினாலும் சரி.

3. பன்னுவது

மில்லுக்குப் போகும் பஞ்சை 170 கிலோ பேலாக இறுக்கி அழுத்திவிடுகிறார்கள். அதைத் திரும்பப் பிரிக்க இயந்திரத்தால் அடிஅடியென்று அடிக்க வேண்டியிருக்கிறது. நம் பஞ்சு அழுத்தமே படாதது. மென்மையாகப் பிரித்தாலே போதும். இதற்கு மூன்று வழி.

விரலால்: ஒரு சிட்டிகை பஞ்சை இரண்டு கையிலும் பிடித்து மெல்ல இழுத்துப் பிரியுங்கள். பிரித்ததை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திரும்ப இழுங்கள். நாலைந்து முறை செய்தால் இழைகள் ஒரே திசையில் நிற்கும். காசு செலவில்லை, குழந்தைகளும் செய்யலாம். நேரம் பிடிக்கும்.

வில்லால்: இரண்டடி மூங்கில் பிளாச்சில் உறுதியான நரம்பு கட்டிய சின்ன வில். பஞ்சுமேல் நாண் படும்படி வைத்து விரலால் மீட்டினால் பஞ்சு உதறி நுரைபோல் எழும்பும். மெத்தை தைக்க வருகிறவர்கள் பெரிய வில்லில் செய்ததும் இதுதான். நாணை மில் நூலில் கட்டினால் உடனே பிய்ந்துவிடும், மீன்பிடிக்கும் நைலான் நரம்பு தாங்கும்.

கம்பிப் பல் அட்டையால்: மெல்லிய கம்பிப் பற்கள் பதித்த இரண்டு அட்டைகள். கிடைக்காவிட்டால் நாய்க்கு முடி வாரும் கம்பிப் பல் பிரஷ் இரண்டு வாங்கிக்கொள்ளலாம். இடது கை அட்டையில் பஞ்சை மிக மெல்லிசாகப் பரப்புங்கள். வலது கை அட்டையால் மேலாக வாருங்கள். பல்லோடு பல் உரசிக் 'கர் கர்' என்று சத்தம் வந்தால் தப்பு, இழை உடைகிறது என்று அர்த்தம். பஞ்சு இந்த அட்டையிலிருந்து அந்த அட்டைக்குப் போகும். திரும்ப மாற்றுங்கள். நாலைந்து முறை போதும். இன்னும் நன்றாக வரட்டும் என்று இருபது முறை வாரினால் இழைகள் சுருண்டு கடுகு கடுகாக முடிச்சு விழும்.

சரியாகப் பன்னிய பஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மூடுபனி மாதிரி ஒரே சீராகத் தெரிய வேண்டும். கருமையாகத் திட்டுத் தெரிந்தால் அங்கே கட்டி இருக்கிறது. அந்த இடத்தை விரலால் பிரித்துவிடுங்கள். இந்த வெளிச்சச் சோதனையில் தேறாத பஞ்சைத் தக்ளிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

4. சுருள் செய்வது

பன்னிய பஞ்சை உள்ளங்கை அகலத்துக்குப் பரப்பி, பென்சில் கனத்தில் ஒரு குச்சியை ஓரத்தில் வைத்து, பலகைமேல் லேசாக உருட்டிச் சுருட்டுங்கள். குச்சியை உருவிவிட்டால் ஒரு சாண் நீளத்தில், நடுவில் ஓட்டையோடு ஒரு பஞ்சுச் சுருள் கிடைக்கும். காதி நிலையங்களில் இதைப் பூணி என்பார்கள். இறுக்கிச் சுருட்டினால் இழை வராது, தளர்ந்திருந்தால் ஒரே கொத்தாக வந்துவிடும். கட்டைவிரல் கனம் சரியான அளவு.

கார்த்திகைக்கு வீட்டில் திரி உருட்டுகிற பெண்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. எங்கள் வகுப்பில் ஆண்கள்தான் திணறுகிறோம்.

செய்த சுருளை அழுத்தாமல் ஒரு பெட்டியில் அடுக்கி மூடி வையுங்கள். அன்றன்றைக்குப் பன்னியதை அன்றன்றைக்கே நூற்பது நல்லது.

5. தக்ளியில் நூற்பது

தக்ளி என்பது அடியில் வட்ட வில்லையும் நுனியில் கொக்கியும் உள்ள சின்னக் கதிர். வீட்டிலேயே செய்யலாம். பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் ஏழு அங்குலம் வெட்டி, ஒரு நுனியைக் கொக்கியாக வளைத்து, மறு நுனியைக் கூராக்குங்கள். கூர் முனையிலிருந்து முக்கால் அங்குலம் மேலே ஒரு கொட்டாங்குச்சி வில்லையைச் செருகி ஒட்டுங்கள். மொத்த எடை 15 கிராம் அளவில் இருக்கட்டும், போதாவிட்டால் இரண்டு வில்லை. வில்லை நடுமையமாக இல்லாவிட்டால் தக்ளி ஆடும், ஆடினால் நூல் அறும்.

ஒன்றரை அடி மில் நூலை வில்லைக்கு மேலே கட்டி, கொக்கியில் மாட்டுங்கள். தக்ளியின் கூர் முனையை ஒரு கொட்டாங்குச்சிக்குள் ஊன்றுங்கள். குட்டை இழைப் பருத்திக்குத் தக்ளியை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள், எடை தாங்காது.

மில் நூலின் நுனியைப் பஞ்சுச் சுருளின் வாயில் ஒரு அங்குலம் படியும்படி வைத்து இடது கையால் பிடியுங்கள். வலது கையால் தக்ளியைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுண்டிவிடுங்கள். முறுக்கு ஏறி, மில் நூல் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். இப்போது இடது கையை மெதுவாக மேலே, பின்னே இழுங்கள். பஞ்சு மெலிந்து நீளும், முறுக்கு ஏறி நூலாகும். ஒரு கை நீளம் வந்ததும் இன்னும் இரண்டு சுண்டு சுண்டி முறுக்கை உறுதியாக்கி, கொக்கியிலிருந்து எடுத்து வில்லைக்கு மேலே சுற்றிவிட்டு, திரும்ப மாட்டுங்கள். எப்போதும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் போட்ட முறுக்கு அவிழ்ந்துவிடும்.

இதில் இரண்டே சங்கதிதான் பழகணும். ஒன்று, முறுக்கு சுருளுக்குள் ஏறிவிடக் கூடாது. ஏறினால் பஞ்சு இறுகிவிடும், எவ்வளவு இழுத்தாலும் வராது. இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மதகு. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்று விரல் கற்றுக்கொள்ள வேண்டும். மற்றொன்று, சுருளை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. குருவிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள்.

அறுந்தால் பயப்படாதீர்கள். அறுந்த நுனியை லேசாக முறுக்கவிழ்த்து, சுருளின் வாயில் வைத்துத் திரும்பச் சுண்டினால் ஒட்டிக்கொள்ளும். முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சு தறியில் மாட்டும்.

உச்சி வெயிலில் நூற்காதீர்கள். காற்று உலர்ந்தால் பருத்தி இழை உடையும். நான் விடிகாலை ஆறு முதல் எட்டு வரை நூற்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் பாவையும் வெயில் ஏறுமுன் தெருவில் நீட்டி முடிப்பார்கள்.

6. நூலைச் சோதிப்பது

நூல் அறுந்த முனையைப் பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும்.

முனை பஞ்சாக நழுவியிருந்தால்: முறுக்கு போதவில்லை, அல்லது அந்த இடம் தடிப்பு. இன்னும் சுண்டுங்கள், தடிப்பு அடிக்கடி வந்தால் பன்னுவதற்குத் திரும்பிப் போங்கள்.

முனை வெட்டியதுபோல் இருந்தால்: முறுக்கு அதிகம், அல்லது இழை மெலிவு. வேகமாக இழுத்திருப்பீர்கள்.

கடுகு மாதிரி முடிச்சுகள் இருந்தால்: முதிராத காய், அல்லது அளவுக்கு மீறி வாரியது.

ஒரு அடி நூலை நடுவில் மடித்துத் தொங்கவிடுங்கள். தானாக மூன்று நான்கு சுற்றுச் சுற்றிக்கொண்டால் முறுக்கு சரி. சும்மா தொங்கினால் குறைவு. சுருண்டு சுருண்டு முடிச்சானால் அதிகம்.

நூல் எண் பார்ப்பதும் சுலபம். ஒரு கிராம் நூல் எத்தனை மீட்டர் நீளம் என்று அளந்து, 1.69-ஆல் வகுங்கள். 17 மீட்டர் வந்தால் அது 10-ஆம் நம்பர் நூல். எண் கூடக் கூட நூல் மெலிசு. பழகுவோர் முதலில் 6, 8 என்ற தடித்த நூலில் ஆரம்பித்து 10-க்கு வரலாம்.

நூற்றதை நாற்காலி முதுகில் சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டினால் சிட்டம். கொஞ்சம் சலவைச் சோடா போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். பருத்தியின் இயற்கை மெழுகு கரைந்து தண்ணீர் பழுப்பாகும். முறுக்கும் நிலைத்துவிடும். அலசி நிழலில் தொங்கவிடுங்கள்.

கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன்

30 அங்குல அகலம், 60 அங்குல நீளத் துண்டு ஒன்று. அங்குலத்துக்கு 36 இழை வீதம் பாவும் ஊடையும் போட்டால், பாவுக்குக் கழிவு சேர்த்து 1,950 மீட்டர், ஊடைக்கு 1,750 மீட்டர், ஆக 3,700 மீட்டர் நூல் வேண்டும். 10-ஆம் நம்பரில் அது 220 கிராம். அதற்கு 250 கிராம் பஞ்சு, அதாவது முக்கால் கிலோ பருத்தி. 2024-25-க்கு நடுத்தர இழைப் பருத்திக்கு அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,121 ரூபாய். அந்த விலையே கிடைத்தாலும் முக்கால் கிலோவுக்கு 53 ரூபாய்.

நேரம்? எனக்கு மணிக்கு 60 மீட்டர் வருகிறது. நூற்க மட்டும் 60 மணி நேரத்துக்கு மேல். கொட்டை நீக்கி, பன்னி, சுருட்டுவதோடு சேர்த்தால் 80 மணி நேரம். கூலிக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. தக்ளியில் நூற்றுப் பிழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் கவலை புதிதில்லை. 1925-இல் தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கம், 1929-இல் நல்ல ராட்டை கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. கையால் நூற்பவருக்குக் கூலி கட்டுப்படியாக வேண்டும் என்பதே நோக்கம். பின்னாளில் பல கதிர் ஓடும் அம்பர் ராட்டையை உருவாக்கியவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர். அவர் பெயரில் இருந்துதான் 'அம்பர்' வந்தது. தக்ளியில் கை படிந்தபின் பெட்டி ராட்டைக்கும், குழுவாகச் சேர்ந்தால் அம்பருக்கும் போகலாம். வேகம் பல மடங்கு கூடும்.

அப்போ தக்ளி எதற்கு? எனக்கு அது என் பருத்தியைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. எந்த எடுப்பு நல்லது, எந்த வரிசைச் செடியின் இழை நீளம், எதை விதைக்கு வைக்கணும் என்று இப்போது என் விரலுக்குத் தெரியும். முன்பு வியாபாரி இழையை இழுத்துப் பார்த்துவிட்டு என்ன சொன்னாலும் தலையாட்டினேன். போன பருவத்தில் அவருக்கு முன்னாலேயே நானும் இழுத்துக் காட்டி, நடு எடுப்பைக் கலக்காமல் தனியாக விலை பேசினேன். கேட்ட முழு விலையும் கிடைக்கவில்லை. ஆனால் பாதி விலைப் பேச்சு எழவில்லை.

பழக்கிக் கொடுப்பவர்களுக்கு

முதல் வகுப்பில் நான் செய்த தப்பு, வந்த 14 பேருக்கும் உடனே தக்ளியைக் கையில் கொடுத்தது. ஒரு மணி நேரம் எல்லாருக்கும் அறுந்துகொண்டே இருந்தது. "நமக்கு இது வராதுங்க" என்று கிளம்பினார்கள். அடுத்த வாரம் மூன்று பேர்தான் வந்தார்கள்.

இப்போது இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து நாள் வைத்துக்கொள்கிறோம். முதல் நாள் பருத்தி பொறுக்குவதும் கொட்டை நீக்குவதும். கொட்டையை ஆளுக்கு ஒரு பொட்டலம் வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். இரண்டாம் நாள் பன்னுவது, வெளிச்சச் சோதனை. மூன்றாம் நாள் சுருள். நாலாம் நாள்தான் தக்ளி, அதுவும் இரண்டு பேராக. ஒருவர் தக்ளியைச் சுண்ட, மற்றவர் பஞ்சை இழுக்க, பிறகு மாற்றிக்கொள்ள. இரண்டு கையும் இரண்டு வேலை செய்வதுதான் ஆரம்பத்தில் கஷ்டம், ஆளுக்கு ஒரு வேலை என்றால் சீக்கிரம் புரிந்துவிடும். ஐந்தாம் நாள் தனியாக நூற்று, எடை போட்டு எண் பார்ப்பது. நாலாம் நாள் அவர்கள் கையில் இருப்பது அவர்களே பன்னிய நல்ல பஞ்சு என்பதால், முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு முழம் நூல் வந்துவிடுகிறது. வந்துவிட்டால் ஆளை நிறுத்த முடியாது.

துண்டு

இரண்டாம் வருஷம் பன்னி நூற்ற சிட்டத்தோடு திரும்பப் பெரியவரிடம் போனேன். அதேபோல் ஒரு முழம் எடுத்து இழுத்தார். நழுவவில்லை. இன்னும் இழுத்தார். 'டப்' என்று அறுந்தது. முனையைப் பார்த்துவிட்டு, "இப்ப நூல். பாவுக்குத் தாங்காது, ஊடைக்கு ஆகும்" என்றார். பாவு நூல் தறியில் விறைப்பாக நின்று அச்சின் உரசலையெல்லாம் தாங்கணும், அதற்கு இன்னும் சீரான முறுக்கும் கஞ்சியும் வேண்டும். ஊடைக்கு அவ்வளவு வேண்டாம். அவருடைய சம்பந்தி பருத்தித் தறி வைத்திருக்கிறார். மில் நூல் பாவில் என் நூலை ஊடையாகப் போட்டு இரண்டு துண்டு நெய்து கொடுத்தார். ஆக, நீங்கள் தொட்டுப் பார்த்த துண்டில் பாதிதான் என்னுடையது. "முழுக்க என் நூல்" என்று சொல்ல இன்னும் ஒரு பருவமாவது ஆகும்.

கடலை போடலாம் என்ற பேச்சு இப்போது வீட்டில் இல்லை. இந்தப் புரட்டாசியிலும் 30 சென்ட் கருங்கண்ணிதான். இரண்டாவது துண்டை அம்மணி பீரோவில் மடித்து வைத்திருக்கிறாள், யாருக்கும் தருவதாக இல்லை.

நீங்கள் 30 சென்ட் போட வேண்டாம். வரப்போரம் பத்துச் செடி போடுங்கள். அதில் வருகிற பருத்தி ஒரு மாதம் பழகப் போதும். முதல் நூல் அறுந்தால் கையைத் திட்டாதீர்கள். முனையைப் பாருங்கள், பிறகு பஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள், அதிலும் விடை கிடைக்காவிட்டால் செடியிடம் போங்கள். விதை இல்லாதவர்கள் அடுத்த கூடுகைக்கு ஒரு காலிப் பொட்டலத்தோடு வாருங்கள். நான் கொண்டுவருகிறேன்.